வேலூர் வெயிலில் நாய்க்கு எந்த விளையாட்டு? அஜிலிட்டி, மோப்பம், ராலி

நாய் தாண்டவும் ஏறவும் வைக்கும் தடைகள் கொண்ட அஜிலிட்டி செட் ஒன்றை ஆன்லைனில் பார்த்துவிட்டு "வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் இப்போது வேலூரிலும் இருக்கிறார்கள். காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் சொந்த வீடு, மேலே மொட்டை மாடி, கீழே ஒரு லாப்ரடாரோ நாட்டு நாயோ. காலையில் அரை மணி நேரம் ஒதுக்க முடிகிறது. நாய் துறுதுறுவென்று இருக்கிறது, சும்மா விட்டால் செருப்பைக் கடிக்கிறது. அதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்று தோன்றுவது நல்ல எண்ணம். எந்த வேலை என்பதுதான் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட் இப்போது வேண்டாம். அந்த அரை மணி நேரத்தில் பெரும்பகுதியை மோப்ப விளையாட்டுக்குக் கொடுங்கள். மீதியில் அஜிலிட்டிக்கு அடிப்படையான தரைப் பாடங்களைச் சொல்லிக்கொடுங்கள். தாண்டுவது, ஏறுவது எல்லாம் நாய் நன்றாக வளர்ந்த பிறகு, சரியான இடம் கிடைத்த பிறகு. மற்ற விளையாட்டுகள் மட்டம் என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. நம் ஊர் வெயில், நம் வீட்டு அளவு, நம் நாயின் எலும்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வரிசைதான் சரியாக வருகிறது.

அஜிலிட்டியில் எல்லோருக்கும் ஆசை வருவதில் ஆச்சரியம் இல்லை. 1978ல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே பார்வையாளர்களுக்கு அலுப்புத் தட்டாமல் இருக்க ஏதாவது காட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்ததுதான் இதன் தொடக்கம். குதிரைகள் தடை தாண்டும் போட்டியை நாய்க்கு ஏற்றபடி மாற்றினார்கள். பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். இன்று உலகம் முழுக்க நடக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் நாய் பதினைந்து இருபது தடைகளைக் கடந்து முடிக்கும். பக்கத்தில் ஓடுகிறவர் அதைத் தொடக் கூடாது, கையில் தின்பண்டம் வைத்திருக்கக் கூடாது. குரலும் உடம்பின் திருப்பமும்தான் வழிகாட்டி.

அந்த ஓட்டத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பாருங்கள். எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச அமைப்பின் விதிப்படி மைதானம் குறைந்தது 24க்கு 40 மீட்டர். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவே 5 மீட்டராவது இருக்க வேண்டும். நம் மாடி இருபதுக்கு முப்பது அடி என்றால், அதாவது ஏறக்குறைய 6க்கு 9 மீட்டர், அதில் இரண்டு தடை வைப்பதே பெரிய விஷயம். வீவ் போல் எனப்படும் வரிசைக் கம்பங்கள் பன்னிரண்டு, 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும். அது மட்டுமே 6.6 மீட்டர் நீளம். நாய் வேகமாக வந்து நுழையவும், முடித்துவிட்டு வெளியேறவும் முன்னும் பின்னும் இடம் விட்டால் மாடி முடிந்துவிட்டது. பணம் கொடுத்து வாங்கிய தடைகளில் பாதி மாடிப்படிக்குக் கீழே கிடக்கும்.

இடத்தை எப்படியாவது பிடித்துவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும் மாடியில் தாண்டப் பழக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் மூன்று அடிதான். தாண்டினால் கோழித்துண்டு கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட நாய்க்கு, தெருவில் பூனை ஓடும்போது அந்தச் சுவரும் ஒரு தடையாகத்தான் தெரியும். அந்தப் பக்கம் இருபது அடி பள்ளம் என்பது அதற்குத் தெரியாது. தரையும் ஆகாது. தட்டோடு, கூலிங் டைல்ஸ், வெறும் சிமெண்ட் எல்லாமே இறங்கும் காலுக்குக் கல். தாண்டுவதை மண் தரையில்தான் பழக்க வேண்டும்.

அடுத்தது வயது. நாய்க்குட்டியின் கால் எலும்புகளின் முனையில் வளரும் பகுதி மென்மையாக இருக்கும். சின்ன இனங்களுக்கு ஒரு வயதை ஒட்டி அது இறுகிவிடும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராஜபாளையம் மாதிரி பெரிய உடம்புக்கு ஒன்றரை வயது வரைகூட ஆகும். அதற்கு முன் திரும்பத் திரும்பக் குதித்து இறங்கினால் மூட்டு கெடும். எஃப்.சி.ஐ. போட்டியில் 18 மாதம் முடியாத நாயைச் சேர்ப்பதே இல்லை. ஆறு மாதக் குட்டிக்குத் தாண்டும் கம்பி வாங்குவது, நடக்காத குழந்தைக்கு சைக்கிள் வாங்குவது மாதிரி.

அதற்காக அந்த ஒன்றரை வருடம் வீணாகப் போக வேண்டியதில்லை. அஜிலிட்டியில் தோற்கும் நாய்கள் பெரும்பாலும் தாண்டத் தெரியாமல் தோற்பதில்லை. திரும்பத் தெரியாமல், நிற்கத் தெரியாமல் தோற்கின்றன. அதையெல்லாம் தரையிலேயே கற்றுக்கொடுக்கலாம்.

ஒரு சென்ட்ரிங் பலகை வாங்குங்கள். ஒரு அடி அகலம், ஆறேழு அடி நீளம் போதும். ஆணி ஏதும் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, அப்படியே தரையில் கிடத்துங்கள். ஒரு முனையில் கடைசி மூன்று அடிக்கு மஞ்சள் பெயிண்ட். போட்டியில் வரும் டாக் வாக் என்ற உயரமான பலகைப் பாலம், சீசா இரண்டிலும் 90 சென்டிமீட்டருக்கு இப்படித்தான் நிறம் மாறியிருக்கும். அதில் ஒரு பாதமாவது படாமல் குதித்துவிட்டால் தவறு. நாய் பலகை மேல் நடந்து வந்து முனையில் நிற்க வேண்டும். முன்னங்கால் இரண்டும் தரையில், பின்னங்கால் இரண்டும் பலகையில். அந்த நிலையில் இருக்கும்போதே, தரையில் அதன் மூக்குக்கு நேர் கீழே ஒரு தின்பண்டத் துண்டு வையுங்கள். கையை உயர்த்திக் கொடுத்தால் நாயின் தலை மேலே போகும், உடனே பின்னங்கால் பலகையை விட்டு நழுவும். ஒரு வாரத்தில் பலகையைப் பார்த்தாலே ஓடிப்போய் அப்படி நின்றுகொண்டு உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பிக்கும். பிறகு பலகைக்கு நடுவே அடியில் மடித்த துவாலை ஒன்றை வையுங்கள், லேசாக ஆடட்டும். சீசாவில் நாய் பயப்படுவது உயரத்துக்கு அல்ல. அந்த ஆட்டத்துக்கும் "டக்" என்று விழும் சத்தத்துக்கும்தான். குட்டியாக இருக்கும்போதே அந்தச் சத்தம் பழகிவிட்டால் பின்னால் பாதி வேலை மிச்சம்.

அப்புறம் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து வைத்து, அதைச் சுற்றி உங்களோடு ஓடவிடுங்கள். நீங்கள் இடப்பக்கம் தோளைத் திருப்பினால் அதுவும் திரும்புகிறதா என்று பாருங்கள். நாய் உங்கள் வாயைவிடத் தோளையும் கால் விரல் காட்டும் திசையையும்தான் நம்பும். வாயால் "வலது" என்று சொல்லிக்கொண்டே இடப்பக்கம் சாய்ந்து ஓடினால் அது இடப்பக்கம்தான் போகும். அதைத் திட்டக் கூடாது.

உபகரணம் செய்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு பி.வி.சி. பைப் போதும். வீவ் கம்பத்துக்கு ஒரு இஞ்ச் பைப் பொருந்தும், விதிப்படி விட்டம் 3 முதல் 5 சென்டிமீட்டர். எல்போ, டீ எல்லாம் போட்டுத் தாண்டும் கம்பிக்கான ஸ்டாண்டை எந்த ஹார்டுவேர் கடையிலும் சாமான் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம். ஸ்டாண்டுக்கு மட்டும் சொல்யூஷன் தடவுங்கள். குறுக்குக் கம்பியை ஒருபோதும் ஒட்டாதீர்கள். நாயின் கால் பட்டால் அது தானாக விழ வேண்டும், அதுதான் பாதுகாப்பு. நாய் ஏறி இறங்கும் கூரை வடிவ ஏ-ஃபிரேமை வீட்டில் செய்ய வேண்டாம். உச்சி 1.70 மீட்டர் உயரம், ஓடும் நாயின் எடையைத் தாங்க வேண்டும். வீட்டு வேலை அல்ல அது.

இனி மோப்ப விளையாட்டு. என் மனசு முழுக்க இதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் போலீஸ் மோப்ப நாய்களோடு வேலை செய்து பழகியவர்கள் வீட்டு நாய்களுக்கும் அதை விளையாட்டாகக் கொண்டுவந்தார்கள். பிறகு அதற்கென்று ஒரு சங்கமும் உருவானது. ஒளித்து வைத்த ஒரு வாசனையை நாய் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஓட வேண்டாம், தாண்ட வேண்டாம், மைதானம் வேண்டாம். ஒரு ஹால் போதும். கத்திரி வெயிலில் வெளியே நாற்பது டிகிரிக்கு மேல் கொளுத்தும்போது, காலையிலேயே தரை சுட ஆரம்பிக்கும் இந்த ஊரில், வருடத்தில் எந்த நாளும் நடத்தக்கூடிய நாய் விளையாட்டு என்று எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

வீட்டில் ஆரம்பிப்பது எளிது. செருப்புக் கடையில் கேட்டால் காலி அட்டைப்பெட்டி கொடுப்பார்கள், ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருக்கும் ஊரில் அதற்கா பஞ்சம். தோல், பசை வாசனை போக ஒரு நாள் வெயிலில் வையுங்கள். ஆறு பெட்டியைத் தரையில் வரிசையாகத் திறந்து வைத்து, ஒன்றில் மட்டும் வேகவைத்த கோழி ஈரல் இரண்டு துண்டு. நாயை அறைக்கு வெளியே இருந்து பெல்ட்டில் பிடித்து அழைத்து வந்து "தேடு" என்று ஒரே தடவை சொல்லுங்கள். விரலால் காட்டாதீர்கள், அந்தப் பெட்டியைப் பார்க்கவும் வேண்டாம். உங்கள் கண் போகும் இடத்துக்குத்தான் நாய் முதலில் போகும்.

முதல் நாள் அது பெட்டிகளுக்கு நடுவே சுற்றும், உங்களைப் பார்க்கும், உட்காரும். காத்திருங்கள். திடீரென்று கழுத்து ஒரு பக்கம் வெடுக்கென்று திரும்பும். மூச்சு மாறும், சின்னச் சின்னதாக வேகமாக உறிஞ்சும் சத்தம் கேட்கும். வாலின் ஆட்டமும் மாறும். தலை பெட்டிக்குள் போனதும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இன்னும் இரண்டு துண்டு போடுங்கள். கையில் வைத்துக் கொடுத்தால் அடுத்த தடவை பெட்டியை விட்டுவிட்டு உங்கள் பாக்கெட்டைத்தான் தேடும்.

சாப்பாட்டைத் தேடுவது பழகிய பிறகு தனி வாசனைக்கு மாற்ற வேண்டும். அமெரிக்கப் போட்டிகளில் பயன்படுத்தும் மூன்று வாசனை பிர்ச் என்ற குளிர்நாட்டு மரம், அனீஸ் என்ற விதை, கிராம்பு. இந்த மூன்றுமே நம் வீட்டில் குழப்பம் உண்டாக்கும். கிராம்பு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. அனீஸின் வாசனைக்குக் காரணமான அதே பொருள்தான் சோம்பிலும் அன்னாசிப்பூவிலும் இருக்கிறது. பிர்ச் எண்ணெய் ஏறக்குறைய வலித் தைலத்தின் வாசனை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி தாளிக்கும் வீட்டில் இவற்றைப் பழக்கினால் நாய் சமையலறை வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கும், பாவம், நாம்தான் இல்லை என்போம். போட்டிக்குப் போகும் எண்ணம் இல்லாதவர்களுக்கு வெட்டிவேர் நல்லது என்று நினைக்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், மற்ற வாசனையோடு கலக்காது. குடிநீர்ப் பானையில் வெட்டிவேர் போடும் வீடு என்றால் மட்டும் வேறு ஏதாவது பாருங்கள்.

ஒரு சின்ன டப்பாவின் மூடியில் ஆணியால் நாலைந்து ஓட்டை போட்டு, உள்ளே வேர்த்துண்டு வைத்து, முதலில் ஈரலோடு சேர்த்து அதே பெட்டியில் வையுங்கள். சில நாள் கழித்து டப்பா மட்டும். நாய் அங்கே மூக்கை வைத்த நொடியில் ஈரலை நீங்கள் கொண்டுபோய் அந்த இடத்திலேயே போட வேண்டும். டப்பாவை விழுங்காதபடி பெட்டிக்குள் ஒட்டி வைப்பது அவசியம். எண்ணெய் வகை எதையும் நாய் நக்கும்படி வைக்காதீர்கள். பிர்ச் எண்ணெய் உள்ளே போனால் விஷம்.

சீலிங் ஃபேன் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபேன் ஓடினால் வாசனை அறை முழுக்கச் சுழலும், புதிய நாய் திணறும். முதல் வாரம் தேடும் அந்த ஐந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். நாய் தேறிய பிறகு ஓடவிட்டுப் பாருங்கள். காற்று எந்த மூலையில் போய் ஒதுங்குகிறது என்று அது நமக்குக் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று, இரைக்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது. வாயால் மூச்சு விடும்போது மூக்கு முழுதாக வேலை செய்யாது. வெளியே நடந்துவிட்டு வந்தால் தண்ணீர் கொடுத்து, மூச்சு அடங்கிய பிறகு ஆரம்பியுங்கள்.

காட்பாடியில் இருக்கும் என் தங்கை வீட்டு லாப்ரடாருக்கு வயதாகிவிட்டது, இடுப்பு வலி. "ஏண்ணா, இதால நடக்கவே முடியல, இதுக்கு என்ன விளையாட்டு?" என்றாள். அதற்கும் பெட்டி வைத்தோம். எழுந்திருக்கச் சோம்பல்படும் அந்த நாய் இப்போது அட்டைப்பெட்டி உரசும் சத்தம் கேட்டால் கதவுக்கு வந்து நிற்கிறது. பயந்த சுபாவம் உள்ள நாய், வேறு நாயைக் கண்டால் சீறும் நாய் இவற்றுக்கும் இது ஒத்துவரும். போட்டியில்கூட ஒரு நேரத்தில் ஒரு நாய்தான் தேடும்.

ராலி என்பது இரண்டுக்கும் நடுவே. வழி நெடுக அட்டைகள் இருக்கும். "உட்கார்", "வலப்பக்கம் திரும்பு", "நாயைச் சுற்றி நட" என்று ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. நாயும் நீங்களும் சேர்ந்து நடந்து செய்ய வேண்டும். போட்டி நடுவே நாயோடு பேசலாம், பாராட்டலாம். அட்டையைப் பிரிண்ட் எடுத்தால் செலவு முடிந்தது. கார் நிறுத்தும் இடம் போதும். தெருவில் இழுத்துக்கொண்டு ஓடும் நாய் என்றால் ராலியைத்தான் முதலில் சொல்லுவேன், ஏனென்றால் அது முழுக்கப் பக்கத்தில் நடக்கும் பாடம். மற்ற நாய்களுக்கு இது சீக்கிரம் சலித்துவிடலாம்.

ஃபிளைபால் நான்கு நாய்கள் தொடராக ஓடும் குழு விளையாட்டு. அதே ஆர்வத்தோடு இன்னும் மூன்று வீடு கிடைக்கும் வரை அதை விட்டுவிடலாம்.

சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் தனியாக யோசிக்க வேண்டும். அவை கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். ஓட்டம் அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் திறந்த வெளியில் அவிழ்த்துவிட்டால் ஆட்டுக்குட்டியைப் பார்த்த நொடியில் உங்கள் குரல் காதில் ஏறாது. குடியாத்தம், ஆரணி பக்கம் வேலி போட்ட தோப்பு இருந்தால், நீளக் கம்பு நுனியில் கயிறு கட்டி, அதில் பழைய துணி முடிந்து வட்டமாக இழுங்கள். துணியைத் துரத்தவும், "விடு" என்றால் விடவும் பழக்குங்கள். துரத்துவதே அதற்குப் பரிசு, தின்பண்டம்கூடத் தேவைப்படாது. பாலாற்று மணலில் ஓட்டலாமே என்று பலர் நினைப்பார்கள். ஆழமான மணல் தசைக்குப் பெரிய பாரம். உடைந்த பாட்டிலும் மணல் எடுத்த குழியும் கண்ணுக்குத் தெரியாது. தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த வரலாறு உள்ள ஆறு வேறு. எனக்கு மனசு ஒப்பவில்லை.

யார் பழக்குவது? "ஒரு மாதம் எங்களிடம் விட்டுவிடுங்கள், பழக்கித் தருகிறோம்" என்பவர்களிடம் இந்த விளையாட்டுகளுக்காக நாயை விடாதீர்கள். அங்கே அது அவருடைய தோளைப் படிக்கக் கற்றுக்கொள்ளும், உங்கள் தோளை அல்ல. வீட்டுக்கு வந்து பழக்குகிறவர் கிடைத்தால், காசு கொடுத்து அவரை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். பெல்ட் உங்கள் கையிலேயே இருக்கட்டும். கழுத்தை நெரிக்கும் செயினை எடுத்தால் அன்றோடு நிறுத்திவிடலாம். பயந்த நாய் பலகை மேல் ஏறும், ஆனால் தேடாது. தேடுவதற்குத் தைரியம் வேண்டும்.

ஆக, சி.எம்.சி. பக்கம் இரண்டாவது மாடி வாடகை வீடு என்றால் மோப்பம் மட்டும் போதும், ஒரு குறையும் இல்லை. தனி வீடு, கொஞ்சம் மண் தரை, ஒன்றரை வயது தாண்டிய நாய் என்றால் மோப்பமும் பலகையும், குளிர்காலத்தில் தாழ்வாக இரண்டு கம்பியும். தோப்பு இருக்கிறவர்களுக்கு முழு அஜிலிட்டியே சாத்தியம், அதுவும் மார்கழி, தை மாதக் காலைகளில். எப்போது எங்கே இறங்கினாலும், புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணும் வரை வைத்திருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் ஆகாது. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு வெயில் காலத்தில் ஓட்டமே வேண்டாம்.

போட்டி வரை போக ஆசை இருந்தால், நாயை நேராக நிற்க வைத்துத் தோள்பட்டை உச்சி வரை அளந்துகொள்ளுங்கள். எஃப்.சி.ஐ. கணக்கில் 35 சென்டிமீட்டருக்குக் கீழ் சிறியது, 43க்குக் கீழ் நடுத்தரம், 48க்குக் கீழ் அதற்கு அடுத்தது, 48ம் அதற்கு மேலும் பெரியது. பெரிய நாய்க்குக் கம்பி உயரம் 55 முதல் 60. வீட்டில் அதில் பாதிக்கு மேல் வைக்க வேண்டியதில்லை. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் நமக்கு 140 கிலோமீட்டர் தூரத்தில் சென்னையில்தான் இருக்கிறது. எந்தப் போட்டி எப்போது, நாட்டு நாயைச் சேர்ப்பார்களா, என்ன பதிவு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முதல் தடவை நாயை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். கூட்டத்தையும் மைக் சத்தத்தையும் உங்கள் நாய் தாங்குமா என்பது அங்கே நின்றால்தான் தெரியும்.